டேர்போ வண்டியில் பூஸ்ட் சென்சர் பழுது: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

ஹயேஸ் வானோ, டீசல் பிக்கப்போ, சின்னச் சுசுகி டேர்போ காரோ, "இழுவை இல்லை" என்று கராஜுக்கு வந்தால் பல இடங்களில் முதலில் மாற்றப்படுவது பூஸ்ட் சென்சர்தான், அதாவது டேர்போ இஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தத்தை (பூஸ்ட்) அளக்கும் சென்சர். காசு போகும், பழுது அப்படியே நிற்கும். சென்சர் சொன்னது உண்மையாக இருந்திருக்கும். காற்று வேறெங்கோ ஒழுகியிருக்கும். அல்லது சென்சரில் பிழையே இல்லாமல், அதற்குப் போகும் துளையைக் கரி அடைத்திருக்கும். ஆகவே சென்சர் காட்டும் எண் மெய்யா பொய்யா என்பதை முதலில் உறுதிப்படுத்துங்கள். ஸ்பானரை எடுப்பது அதற்குப் பிறகு.

எந்த அறிகுறியானாலும் முதல் சோதனை

இஞ்சின் ஓஃப். சாவியை ஓன் நிலைக்கு மட்டும் திருப்பி, ஸ்கானரில் மனிஃபோல்ட் (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் குழாய்) அழுத்தத்தைப் பாருங்கள். பூஸ்ட் சென்சர் வெற்றிடத்தைப் பூச்சியமாக வைத்து அளப்பது. இஞ்சின் ஓடாதபோது அது வெளிக்காற்றின் அழுத்தத்தையே காட்ட வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாடு கடல் மட்டத்திலிருந்து சில மீற்றர் உயரந்தான். எனவே வாசிப்பு 100 அல்லது 101 கிலோபஸ்கால் வரவேண்டும். 97 முதல் 104 வரை ஏற்கலாம். அதற்கு வெளியே போனால் சென்சர், வயர், அல்லது பிழையான வகைச் சென்சர் பூட்டியது என்ற மூன்றில் ஒன்று. காற்றழுத்தம் காட்டும் கைபேசி இருந்தால் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்: கைபேசியில் 1009 ஹெக்டோபஸ்கால் என்றால் ஸ்கானரில் 100.9 கிலோபஸ்கால்.

மலைநாட்டில் இந்த எண் வேறு. கண்டியில் 95, 96 அளவில் இருக்கும். நுவரெலியாவில் 81 அளவுக்கு இறங்கும். அங்கிருந்து தொலைபேசியில் எண் சொல்லி விளக்கம் கேட்பவருக்கு "சென்சர் செத்துவிட்டது" என்று சொல்லிவிடாதீர்கள்.

இன்னும் இரண்டு குழப்பங்களை இங்கேயே தீர்த்துக்கொள்வது நல்லது. டாஷ்போர்டில் பூட்டும் பூஸ்ட் மீற்றர் வெளிக்காற்றைப் பூச்சியமாக வைத்துக் காட்டும். அதில் 1 பார் என்றால் ஸ்கானரில் 200 கிலோபஸ்கால். அதனால் "3 பார் சென்சர்" என்று விற்கப்படுவது 2 பார் பூஸ்ட் வரைதான் அளக்கும். அடுத்தது, ஸ்கானர்களின் பொது ஓபிடி (எல்லா வண்டிகளுக்கும் பொதுவான பழுதறி முறை) வாசிப்பில் இந்த அளவுக்கு ஒதுக்கியது ஒரு பைட் மட்டும்; 255க்கு மேல் காட்ட அதில் இடமில்லை. 255இல் ஒட்டி நின்றால் உற்பத்தியாளரின் சொந்தத் தரவு வரிசையில் பார்த்த பிறகே சென்சரைச் சந்தேகியுங்கள்.

விளக்கு எரிகிறது, பி0237, பி0238, பி0107, பி0108

இவை ஸ்கானரில் வரும் மின்சுற்றுப் பழுதுக் கோட்கள். 7இல் முடிபவை சிக்னல் வோல்ற் மிகக் குறைவு, 8இல் முடிபவை மிகக் கூட என்று சொல்கின்றன. டேர்போவைத் தொட வேண்டிய தேவையே இல்லை. மல்ரிமீற்றரும் மெல்லிய குண்டூசியும் காணும். கனெக்டரின் பின்பக்கமாக, ரப்பர் சீலைக் கிழிக்காமல், வயரோடு ஒட்டி ஊசியை இறக்குங்கள்.

1. சாவி ஓன். 5 வோல்ற் வயருக்கும் சென்சரின் ஏர்த் வயருக்கும் இடையில் 4.75 முதல் 5.25 வரை வரவேண்டும்.
2. சென்சர் ஏர்த் வயருக்கும் பற்றரியின் மறை முனைக்கும் இடையில் 0.05 வோல்ற்றுக்கு மேல் வரக்கூடாது. வந்தால் ஏர்த் வழியில் துரு.
3. சிக்னல் வயரில், வெளிக்காற்றழுத்தத்தில், சென்சரின் தரவுத்தாள் சொல்லும் வோல்ற் வரவேண்டும்.

மூன்றாவதைக் கணக்குப் பார்க்க ஓர் உதாரணம். 20 கிலோபஸ்காலில் 0.4 வோல்ற், 250இல் 4.65 வோல்ற் தரும் சென்சர் யாழ்ப்பாணத்தில் சாவி ஓனில் 1.88 வோல்ற் தரும். அதே வோல்ற் எல்லைகளோடு 300 வரை போகும் சென்சர் 1.61 தரும். 50இல் 0.5, 400இல் 4.5 என்ற வகை 1.07 தரும். இந்த மூன்று எண்களையும் கராஜ் சுவரில் எழுதி வைக்கலாம். கையில் இருப்பது எந்த வகை என்று உடனே தெரியும்.

5 வோல்ற் வராவிட்டால் இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவைக் குறை சொல்ல அவசரப்படாதீர்கள். பல வண்டிகளில் அந்த 5 வோல்ற் மற்றச் சென்சர்களுக்கும் பொது. ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள்; எதைக் கழற்றியதும் 5 வோல்ற் திரும்புகிறதோ, அதிலோ அதன் வயரிலோ ஷோர்ட்.

வயரா சென்சரா என்று பிரிக்க, கனெக்டரைக் கழற்றி ஸ்கானரைப் பாருங்கள். வாசிப்பு ஒரு எல்லைக்கு ஓடும். மேலெல்லையா கீழெல்லையா என்பது இசியூவைப் பொறுத்தது. கீழே ஓடினால் கனெக்டரின் 5 வோல்ற் முள்ளிலிருந்து 1 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாகச் சிக்னல் முள்ளைத் தொடுங்கள். மேலே ஓடினால் அதே ரெசிஸ்டரால் ஏர்த்தைத் தொடுங்கள். வாசிப்பு நன்றாக நகர்ந்தால் வயரும் இசியூவும் நலம், பழுது சென்சரில். ரெசிஸ்டர் இல்லாமல் வெறும் வயரால் தொடவேண்டாம். 12 வோல்ற் எந்த நிலையிலும் பக்கத்தில் வரக்கூடாது.

நம் பக்கத்தில் இந்தக் கோட்களுக்கு முதலில் தேடவேண்டியது உப்பு. பண்ணைப் பாலம் வழியாகத் தீவுப்பகுதிக்கு நாளாந்தம் ஓடும் வான்களும், காங்கேசன்துறை, பருத்தித்துறைக் கரையோரம் நிற்கும் வண்டிகளும் உப்புக் காற்றிலேயே கிடக்கின்றன. கனெக்டருக்குள் பச்சை நிறப் பொருக்கு கண்டால் கொன்டாக்ட் கிளீனரால் கழுவி, காயவிட்டு, முள்ளின் பிடி தளர்ந்திருந்தால் முனையத்தையே மாற்றுங்கள். சிலிக்கன் கிறீஸை ரப்பர் சீலில் மெல்லியதாகப் பூசினால் காணும். துவாரம் முழுக்க அடைக்கவேண்டாம். வயர் கனெக்டருக்குள் நுழையுமுன் ஒரு சிறு தொய்வு விடுங்கள். தண்ணீர் வயர் வழியே உள்ளே வராமல் அந்தத் தொய்வில் சொட்டிவிடும்.

இழுவை இல்லை, ஆனால் சாவி ஓனில் வாசிப்பு சரி, பி0299, பி0236

கூடுதலாக ஏமாற்றுகிற அறிகுறி இது. பி0299 பூஸ்ட் குறைவு என்றும், பி0236 சென்சரின் வாசிப்பு பொருந்தவில்லை என்றும் சொல்லும். துளை கரியால் அடைபட்ட சென்சரும் முதல் சோதனையில் 100 காட்டும், ஏனென்றால் உள்ளே அடைபட்டு நிற்பதும் வெளிக்காற்றின் அழுத்தமே. இஞ்சின் ஓடும்போது மாத்திரம் வாசிப்பு பிந்தும், அல்லது ஏறவே ஏறாது.

முடிவெடுக்க ஒரே வழி இன்னொரு மீற்றர். மனிஃபோல்டில் வேறொரு துளையிலிருந்து டி வடிவ இணைப்பு போட்டு, 0 முதல் 30 பிஎஸ்ஐ வரை காட்டும் சாதாரண ஊசி மீற்றரைக் கண்ணாடிக்கு முன் கட்டுங்கள். இங்கே ஏற்றம் எதுவும் இல்லாததால் இஞ்சினுக்குச் சுமை கொடுப்பது கடினம். வானில் பாரத்தை ஏற்றி, மூன்றாம் அல்லது நான்காம் கியரில் 1500 சுற்றிலிருந்து அக்சிலேற்றரை முழுக்க மிதித்து, வேக எல்லைக்குள் 3000 அளவுவரை கொண்டுபோங்கள். ஆளில்லாத நேர்வீதியில் செய்யுங்கள். எண்களைப் பார்க்க இன்னொருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

ஊசி மீற்றர் 12 பிஎஸ்ஐ காட்டும்போது ஸ்கானர் 183 அளவில் நிற்க வேண்டும் (1 பிஎஸ்ஐ என்பது 6.9 கிலோபஸ்கால்). மீற்றர் ஏறியும் ஸ்கானர் 120இல் தயங்கினால் துளை அல்லது ஹோஸ் அடைப்பு. இரண்டும் ஒரேமாதிரிக் குறைவாக இருந்தால் சென்சரை விட்டுவிடுங்கள், காற்றுத்தான் இல்லை.

இங்கே ஓர் ஆபத்தைச் சொல்லியாக வேண்டும். பூஸ்ட்டை இசியூவே கட்டுப்படுத்தும் வண்டியில் சென்சர் குறைத்துக் காட்டினால், இசியூ "இன்னும் வேண்டும்" என்று வேரியபிள் டேர்போவின் சிறகுகளை (டேர்போவுக்குள் புகை வரும் வழியைக் குறுக்கும் தகடுகள்) மேலும் மூடும். உண்மையான பூஸ்ட் இலக்கைத் தாண்டிப் போகும்; ஸ்கானரிலோ மிகை பூஸ்ட் கோட் பி0234 வராது, ஏனென்றால் அது பார்க்கும் எண்ணே பொய். ஹெட் காஸ்கெட்டும் டேர்போ ஷாஃப்டும் இப்படிப் போவதுண்டு. அடைபட்ட சென்சரோடு "பிறகு பார்ப்போம்" என்று ஓடவிடாதீர்கள்.

புகையும் திசை காட்டும். காற்றோட்ட மீற்றரை வைத்து எரிபொருளைக் கணக்கிடும் டீசலில், மீற்றருக்குப் பின்னால் பைப் ஒழுகினால் கரும்புகை வரும்: அளந்த காற்று முழுக்க இஞ்சினுக்குப் போகவில்லை, டீசலோ முழுக்கப் போனது. பூஸ்ட் சென்சரை வைத்து எரிபொருளை மட்டுப்படுத்தும் டீசலில் ஒழுக்கு இருந்தாலும், சென்சர் குறைத்துக் காட்டினாலும் இசியூ டீசலைக் குறைக்கும். புகை அதிகமில்லாமல் இழுவை மட்டும் செத்திருக்கும். பெற்றோல் இஞ்சினில் மனிஃபோல்ட் அழுத்தத்தை வைத்தே எரிபொருள் கணக்கிடப்பட்டு, சென்சர் குறைத்துக் காட்டினால், கலவையில் எரிபொருள் குறைந்து நொக்கிங் (சிலிண்டருக்குள் தட்டும் சத்தம்) கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் அக்சிலேற்றரிலிருந்து உடனே காலை எடுங்கள்.

அடைப்பை நீக்குவது இப்படி. சென்சரைக் கழற்றி, மூக்கைக் கீழ்நோக்கிப் பிடித்து, காற்றோட்டச் சென்சருக்கென்று விற்கும் ஸ்பிறேயால் கழுவுங்கள். கார்பரேற்றர் கிளீனர், பிறேக் கிளீனர் வேண்டாம். உள்ளே சிலிக்கன் சில்லை மூடியிருக்கும் ஜெல்லை அவை கெடுக்கும். ஊசியால் குத்தினால் சென்சரின் கதை அன்றோடு முடியும். கம்பிறசர் காற்றும் அடிக்கவேண்டாம். 15 நிமிடம் காயவிடுங்கள். மனிஃபோல்டுப் பக்கத் துளையில்தான் கெட்டிக் கரி இருக்கும்: ஈஜிஆர் (புகையில் ஒரு பங்கைத் திரும்ப இஞ்சினுக்குள் விடும் வழி) வழியாக வரும் புகைக்கரியும் பிறீதர் (இஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளிவிடும் குழாய்) வழியாக வரும் ஒயில் ஆவியும் சேர்ந்து தார்போல இறுகும். பொருத்தமான ட்றில் முனையைக் கையால் மட்டும் திருகி, தூளை வக்கூம் கிளீனரால் உறிஞ்சி எடுங்கள். ஓ-வளையம் தட்டையாகியிருந்தால் மாற்றி, சுத்தமான ஒயிலை ஒரு துளி தடவிப் பூட்டுங்கள். டவுனுக்குள் குறுந்தூரம் மட்டும் ஓடும் வண்டியில் இந்த அடைப்பு கெதியாகத் திரும்பும். சேர்விஸ் தோறும் துளையைப் பாருங்கள்.

காற்று மெய்யாகவே குறைவு என்றால் டேர்போ வாயை மூடியால் அடைத்து, பிறீதர் வழியையும் மூடி, 0.7 பார் காற்றுக் கொடுத்துச் சவர்க்காரத் தண்ணீர் தெளியுங்கள். குமிழி முதலில் வருவது ஹோஸ் கிளிப்புகளுக்கு அடியில், அடுத்தது டேர்போக் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரின் பிளாஸ்ரிக் பக்கமும் அலுமினியமும் சேரும் விளிம்பில். 1 பாரைத் தாண்டாதீர்கள். ஒழுக்கும் இல்லையென்றால் வேஸ்ற்கேற் (மிகையான புகையை டேர்போவுக்குள் போகாமல் விலக்கும் கதவு) கம்பி, வக்கூம் ஹோஸ், சொலனோயிட் (மின்சார வால்வு), சிறகு இறுக்கம் என்ற வரிசையில் போங்கள்.

மீற்றர் முள் ஆடுகிறது, வண்டி திமிறித் திமிறி ஓடுகிறது

சென்சர் மனிஃபோல்டிலேயே நேராகப் பூட்டப்படாமல் ரப்பர் ஹோஸால் இணைந்த வண்டிகளில் முதலில் ஹோஸைப் பாருங்கள். குளிரில் சரி, சூடேறியதும் பழுது என்றால் ஹோஸ் மென்மையாகி வளைவில் நசுங்குகிறது. வளைவு சென்சரைவிடத் தாழ்ந்து தொங்கினால் அங்கே ஒயிலும் நீரும் தேங்கி வாசிப்பைப் பிந்தவைக்கும். ஹோஸ் மனிஃபோல்டை நோக்கித் தொடர்ந்து இறங்கவேண்டும், சென்சரின் மூக்கு கீழ்நோக்கி இருக்கவேண்டும். உள்விட்டம் 4 மில்லிமீற்றர், நீளம் 30 சென்ரிமீற்றருக்குள் வைத்தால் பிந்தல் பெரிதாக இருக்காது. இடையில் சிறு ஃபில்டர் இருந்தால் அதுவும் அடைபடும்.

ஹோஸ் நலமென்றால் ஓல்டநேற்றர் (பற்றரியை ஏற்றும் மின்பிறப்பி) தரும் மின் இரைச்சலைச் சோதியுங்கள்: இஞ்சின் ஓடும்போது ஓல்டநேற்றர் கனெக்டரைக் கழற்றியதும் முள் அடங்கினால் ஏர்த் வழியைத் திருத்துங்கள். பற்றரி முனையை மட்டும் ஓடும் இஞ்சினில் கழற்றவே கூடாது.

முழுச் சுமையில் திடீரென வெட்டுகிறது

பூஸ்ட் கூட்டிய வண்டியில் இது சென்சரின் உச்சத்தைத் தொட்டதால் வரலாம். பதிவு எடுத்துப் பாருங்கள்: வளைவு ஏறிப்போய் ஒரே எண்ணில் மேசைபோலத் தட்டையாக நின்றால் சென்சரின் அளவெல்லை முடிந்துவிட்டது; அதற்கு மேலே உண்மையில் என்ன நடக்கிறதென்று இசியூவுக்குத் தெரியாது.

தெரிவுக்குக் கணக்கு எளிது. வெளிக்காற்று 100, இலக்குப் பூஸ்ட் 120, இரண்டும் 220. தாண்டல்களுக்கு ஆறில் ஒரு பங்கு சேர்த்தால் 257. ஆகவே 300 வரை அளக்கும் சென்சர். "எதற்கும் 400ஐப் போடுவோம்" என்பது சரியான யோசனை அல்ல. சென்சரின் பிழை முழு அளவின் வீதமாகச் சொல்லப்படும்: 350 அகலத்தில் 1.5 வீதம் என்றால் 5 கிலோபஸ்காலுக்கு மேல். பெற்றோல் இஞ்சின் ஐட்லிங்கில் மனிஃபோல்ட் 30 முதல் 40 வரைதான் இருக்கும். அங்கே 5 என்பது பெரிய பிழை. அதைவிட முக்கியமானது, 50இல் தொடங்கும் சென்சர் அந்த ஐட்லிங்கை அளக்கவே அளக்காது. டீசலுக்கு அது பொருந்தும், பெற்றோலுக்குப் பொருந்தாது.

புதிய சென்சர் பூட்டியும் சரிவரவில்லை

ஒரே உடல், ஒரே கனெக்டர், உள்ளே வேறு அளவு: இந்தச் சென்சர்களில் இது சாதாரணம். 250 வரையிலான சென்சருக்கென்று எழுதிய இசியூவில் 300 வரையிலானதைப் பூட்டினால் என்ன நடக்குமென்று மேலே சொன்ன வோல்ற்றுகளை வைத்துப் பாருங்கள். சாவி ஓனில் அது தரும் 1.61 வோல்ற்றை இசியூ 86 கிலோபஸ்கால் என்று வாசிக்கும். யாழ்ப்பாணத்தில் நிற்கும் வான் 1400 மீற்றர் மலையில் நிற்பதாக இசியூ நம்பும். பிறகு 200 வேண்டுமென்று அது கட்டுப்படுத்தும்போது உண்மையில் மனிஃபோல்டில் 239 இருக்கும். கோட் ஒன்றும் வராது, இழுவைகூட நன்றாக இருப்பதுபோலத் தெரியும், இஞ்சின் தேய்ந்துகொண்டிருக்கும். ஆகவே தொழிற்சாலை இசியூவுக்குப் பழைய சென்சரின் அதே பாக எண்ணைத்தான் வாங்கவேண்டும்.

பழைய பாகக் கடையில் வாங்கும்போது அங்கேயே சோதிக்கலாம். ஒரு யூஎஸ்பி வயரை வெட்டி, பவர் பாங்கிலிருந்து சிவப்பை 5 வோல்ற் முள்ளுக்கும் கறுப்பை ஏர்த் முள்ளுக்கும் கொடுத்து, சிக்னலை அளவுங்கள். முள் வரிசையைத் தரவுத்தாளில் உறுதிப்படுத்தியபின் மட்டும். தலைமாறிக் கொடுத்தால் சென்சர் எரிந்துவிடும். பவர் பாங்க் சரியாக 5 தராது, 5.15 தந்தால், அளந்த எண்ணை 5ஆல் பெருக்கி 5.15ஆல் பிரியுங்கள். சென்சர் குடிக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால் சில பவர் பாங்குகள் அரை நிமிடத்தில் தாமாக நின்றுவிடும். அது சென்சரின் பிழை அல்ல.

வீட்டில் இன்னும் வடிவாகச் செய்யலாம். சைக்கிள் பம்ப், டி இணைப்பு, 30 பிஎஸ்ஐ மீற்றர், பொருத்தமான ஹோஸ். 300 வரையிலான சென்சரில் அழுத்தம் இல்லாதபோது 1.61, 7.25 பிஎஸ்ஐயில் 2.37, 14.5 பிஎஸ்ஐயில் 3.13 வோல்ற். ஒவ்வொன்றிலும் 0.05 முன்பின் வரலாம். மூன்றும் ஒரே அளவால் தள்ளி நின்றால் ஏர்த்தையோ மீற்றரையோ பாருங்கள். ஏற ஏற வித்தியாசம் கூடினால் சென்சர் வேறு வகை. ஒரு நிமிடம் அழுத்தத்தைப் பிடித்து வையுங்கள். எண் இறங்கினால் எங்கோ ஒழுக்கு.

நான்கு முள்ளுச் சென்சரில் வெப்பநிலையும் சேர்ந்திருக்கும். காலையில் சாவி ஓனில் அது வெளிவெப்பத்தைக் காட்டவேண்டும். −40 என்றால் வயர் அறுந்தது, 140ஐத் தாண்டினால் ஷோர்ட். 20 பாகையில் 2.5 கிலோஓம் உள்ள வகையை 30 பாகையில் அளந்தால் 1.7 அளவில் வரும்.

தனி இசியூவில் அளவு பொருத்துதல்

தொழிற்சாலை இசியூவுக்குப் பதிலாகப் பூட்டும் பல தனி இசியூக்கள் 0 வோல்ற்றிலும் 5 வோல்ற்றிலும் என்ன அழுத்தம் என்று கேட்கும். தரவுத்தாளில் இருப்பதோ 0.4இலும் 4.65இலும் உள்ள அழுத்தம். அங்கேதான் பிழை விடுகிறார்கள்: 20, 300 என்று அப்படியே அடித்துவிடுவார்கள். சாவி ஓனில் 110 காட்டினால் இதைத்தான் செய்திருக்கிறீர்கள். உச்சத்தில் அது எதிர்ப்பக்கம் திரும்பி, 300க்கு 280 காட்டும். கோட்டை இரு பக்கமும் நீட்டிக் கணக்கிட்டால் 0 வோல்ற்றில் −6.4, 5 வோல்ற்றில் 323.1. அவற்றை எழுதுங்கள். பழுது எல்லைகளைக் கீழே 0.2, மேலே 4.85 வோல்ற் என வையுங்கள். இடையில் உள்ளது அளவீடு, வெளியே உள்ளது அறுந்த வயர் அல்லது ஷோர்ட்.

மனிஃபோல்ட் அழுத்தம் ஒவ்வொரு சிலிண்டர் உறிஞ்சும்போதும் துடிக்கும். கிறாங்க் கோணத்தோடு சேர்த்து மாதிரி எடுக்கும் வசதி இருந்தால் அதைத் திறந்துவிட்டு, ஃபில்டரைக் குறைவாக வையுங்கள். துடிப்பை மறைக்க ஃபில்டரைக் கூட்டினால் அக்சிலேற்றரை மிதித்த கணத்தில் எரிபொருள் பிந்தும்.

பூஸ்ட் கட்டுப்பாட்டை வேஸ்ற்கேற் ஸ்பிறிங் தரும் அழுத்தத்திலிருந்து தொடங்குங்கள்: சொலனோயிட் 0 வீதம், ஒரு முழு ஓட்டம், பதிவு. பிறகு 10 வீதப் படிகளாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் என்ன பூஸ்ட் வருகிறதென்று அட்டவணை எழுதுங்கள். இலக்குக்குத் தேவையான வீதத்தை அந்த அட்டவணையே தரட்டும். தானியங்கித் திருத்தம் மிச்சத்தை மட்டும் பார்க்கட்டும். சேர்ந்துகொண்டே போகும் திருத்தத்தை இலக்குக்கு 20 கிலோபஸ்கால் அருகில் வந்தபின் மட்டும் இயங்கவிடுங்கள், இல்லாவிட்டால் டேர்போ எழும்பும்போதே அது நிரம்பி இலக்கைத் தாண்டித் தள்ளும். பூஸ்ட் வெட்டும் எல்லை இலக்குக்கு மேல் 20, ஆனால் சென்சரின் உச்சத்துக்குக் கீழே. முதல் ஓட்டத்துக்கு முன் இலக்கையும் எல்லையையும் தாழ்த்தி வைத்து, அந்த வெட்டு உண்மையில் வெட்டுகிறதா என்று ஒரு தடவை சோதித்துப் பாருங்கள்.